சண்டைகளை வைத்துவிட்டுப் போகும் இடம்

நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பை வைக்கும் இடத்தில் முதல் சண்டை ஒப்படைக்கப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு. டோக்கன் எண் அறுபத்து மூன்று. குக்கர் அளவு இருந்தது, கொஞ்சம் சூடாக இருந்தது, தொட்டால் கை லேசாக அதிர்ந்தது. கொண்டுவந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். இருவரும் படித்தவர்கள், அறிவிப்புப் பலகை எங்கே இருந்தாலும் நின்று முழுக்கப் படிக்கிற ரகம். வாங்கிக்கொண்டவள் பதினான்கு வருடமாக அதே மேசைக்குப் பின்னால் நின்று ஊரார் பைகளையும் குடைகளையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்த மூத்தவள். பத்தடி தள்ளி நுழைவுச்சீட்டு கொடுக்கும் கண்ணாடிக் கூண்டில் அவளுடைய ஒரே தங்கை உட்கார்ந்திருந்ததால் அருங்காட்சியகத்தில் எல்லோரும் ஒருத்தியை மூத்தவள் என்றும் இன்னொருத்தியை இளையவள் என்றும் சொன்னார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

நடந்தது இதுதான். அந்தத் தம்பதி சீட்டு வாங்க வந்தபோதே வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காரை எங்கே நிறுத்துவது என்பதில் ஆரம்பித்து, கல்யாணத்துக்கு முன்னால் அவர் சொன்ன ஏதோ ஒரு பொய்வரைக்கும் அது போய்விட்டது. இளையவளுக்கு அன்று காலையிலிருந்து தலைவலி. ஆனால் அக்காவின் தலையில் ஒரு வேலையைக் கட்டலாம் என்றால் அவளுக்கு எந்தத் தலைவலியும் பறந்துவிடும். சுவரிலிருந்த பலகையைக் காட்டினாள். ஒரு சாணுக்கு மேற்பட்ட எந்தப் பொருளையும் அரங்குகளுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. "இவ்ளோ பெரிய சண்டையோட உள்ள விடமாட்டாங்க. அங்க வச்சிட்டு டோக்கன் வாங்கிக்கங்க," என்றாள். வேறு எந்த இடத்திலாவது இதைச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். ஆனால் நவீனக் கலை பார்க்க வருகிறவர்களிடம் ஒரு குணம் உண்டு. அங்கே எது விதி, எது கலை என்று அவர்களுக்குப் பிடிபடாது. எதையாவது தப்பாகச் செய்து விவரம் கெட்டவர்கள் என்று பேர் வாங்கிவிடக் கூடாதே என்ற பயத்தில், யார் எதைச் சொன்னாலும் செய்துவிடுவார்கள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவிலிருந்த சண்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி மூத்தவளின் மேசைமேல் வைத்தார்கள்.

மூத்தவள் வாங்க மறுத்திருக்கலாம். மறுத்தால் தங்கையின் நக்கலுக்குத் தோற்றதாகிவிடும். தங்கையிடம் தோற்பதைவிட ஊரான் சண்டையை வாங்கி வைப்பது அவளுக்குச் சுலபமாகத் தெரிந்தது. ஆணியில் ஜோடி ஜோடியாகத் தொங்கிய பித்தளை டோக்கன்களில் ஒரு ஜோடியை எடுத்து, ஒன்றைச் சண்டையில் கட்டினாள், மற்றதைக் கணவனிடம் கொடுத்தாள். "உள்ள உடையற சாமான் எதுவும் இருக்கா?" என்று எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள். இல்லை என்றார்கள். கீழ்த்தட்டில் குடைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து அந்த இருவரும் கைகோத்துக்கொண்டு வந்து பையை வாங்கினார்கள், குடையை வாங்கினார்கள். "இன்னொன்னு இருக்கு சார்," என்றாள். "அது இருக்கட்டும்மா," என்று அவர் சொன்னார். அடுத்த வாரம் அவர்கள் தெருவிலிருந்தே நான்கு ஜோடிகள் வந்தன.

பிறகு வந்த ஐந்து வருடங்களில் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் மூன்று மடங்கானார்கள் என்று ஆண்டறிக்கை சொல்கிறது. அதற்குக் காரணம் புதிய ஓவியங்கள் என்றும் சொல்கிறது. மூத்தவளுக்கு விவரம் தெரியும். அண்ணன் தம்பி சண்டைகள் அகலமாக இருக்கும், படுக்க வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சண்டைகள் ஒல்லி, சுவரில் சாய்த்து வைத்தால் போதும். மாமியார் மருமகள் சண்டையில் கனம் இருக்காது, ஆனால் சத்தம் வரும், துணி சுற்றி வைக்க வேண்டும். அலுவலகச் சண்டைகளுக்கு நடுவே அட்டை வைக்காவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வராது. அப்பா மகன் சண்டைதான் கையை முறிக்கும். பார்க்கச் சின்னதாகத் தெரியும், தூக்கினால் இரும்பு. ஒரு ஆள் மட்டும் தனியாகக் கொண்டுவரும் சண்டையை வாங்க முடியாது. மேசைமேல் வைத்துக் கையை எடுத்ததும் அது அவரிடமே திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். செத்துப்போன தம்பியோடு இருந்த சண்டையைக் கொண்டுவந்த ஒரு பல் மருத்துவர் மூன்று முறை வைத்துப் பார்த்தார், நான்காவது முறை வைக்காமலே போனார். வைத்துவிட்டுப் போனவர்களில் திரும்பக் கேட்டு வந்தவர்கள் மிகச் சிலர். அதிலும் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து கெஞ்சுகிறவர்களைக் கண்டால் மூத்தவளுக்கு ஒரு உற்சாகமே வரும். "டோக்கன் இல்லன்னா கடவுளே வந்தாலும் கிடையாது," என்பாள். தொண்ணூறு நாள் கேட்பாரற்றுக் கிடந்தவை நிலவறைக்குப் போயின.

அவளுக்கு அந்த இடத்தில் எதன்மேலும் பிரியம் கிடையாது. வருகிறவர்களைப் பிடிக்காது, அவர்கள் பையைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, வாங்கும்போதும் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் கலையைப் பிடிக்காது. இத்தனை வருடத்தில் மேசையைத் தாண்டி ஒரு அரங்குக்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை. வேலை நேரத்தில் போக அனுமதி இல்லை, லீவு நாளில் போக அவளுக்குப் பைத்தியம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கையைப் பிடிக்காது. தங்கைக்கும் அப்படியே. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, பெற்றவர்கள் விட்டுப்போன இரண்டு அறை வீட்டில் நடுவே ஒரு திரையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள், ஒரே பேருந்தில் வந்து ஒரே பேருந்தில் போனார்கள், வழியெல்லாம் சண்டை போட்டார்கள். வேலை நேரத்திலும் விடவில்லை. மேசைக்கும் கூண்டுக்கும் இடையே வரிசையில் நின்றவர்களின் தலைக்கு மேலாக அது போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

அந்தச் சண்டையின் விஷயம் ஒன்றுதான். அவர்களுடைய அப்பா ஒரு ஆலையில் ஷிப்ட் போடும் மேற்பார்வையாளராக இருந்தவர், வீட்டையும் ஷிப்ட் போட்டே நடத்தினார். தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, கதவைப் பூட்டுவது எல்லாவற்றுக்கும் மகள்களுக்கு முறை வைத்தார். அவர் போன பிறகும் அந்த வீட்டில் முறை போகவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அப்படித்தான்: காலையில் ஒருத்தி, பகல் இரண்டு மணியிலிருந்து இன்னொருத்தி. ஒரு வியாழக்கிழமை பகல் மூன்று பத்துக்கு அம்மா இறந்தாள். அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் மகள்கள் இருவருமே இல்லை. அன்று பகல் உன் முறை என்றாள் மூத்தவள். உன் முறை என்றாள் இளையவள். நர்ஸ் சொன்னாள், உயிர் போவதற்கு முன்னால் அம்மா "கண்ணு, ஜன்னலைத் திற" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள் என்று. அம்மா இருவரையுமே கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். யாரைக் கூப்பிட்டாள் என்பதற்கு ஒரு சண்டை, காலையில் ஆரஞ்சு கேட்டபோது உரித்துக் கொடுத்தது யார் என்பதற்கு ஒரு சண்டை, பச்சைத் துண்டை வீட்டிலேயே மறந்து வைத்தது யார் என்பதற்கு ஒரு சண்டை; எல்லாம் சேர்ந்து ஒரே சண்டை. இருபது வருடமாக ஒரு நாள் விடாமல் போட்டதில் அது நன்றாக வளர்ந்திருந்தது.

ஆறாம் வருடத் தொடக்கத்தில் புதிய இயக்குநர் வந்தார். எந்தப் பருவத்திலும் கறுப்புச் சட்டைதான் போடுவார் என்பதால் கறுப்புச் சட்டை என்றே அவருக்குப் பெயர். ஊரார் சண்டையை எல்லாம் வாங்கி வைக்கும் இடத்தில், வாங்குகிறவர்களே சண்டை போட்டுக்கொண்டு நிற்பது நிறுவனத்துக்கு அழகில்லை என்று அவர் கருதினார். பணியாளர்கள் தங்கள் சொந்தச் சண்டையைப் பணி நேரத்தில் உடன் வைத்திருக்கக் கூடாது, மீறினால் இருவரில் ஒருவருக்கு வேலை இருக்காது என்று சுற்றறிக்கை வந்தது. எந்த ஒருவர் என்று அதில் இல்லை. அதைப் பற்றியும் சகோதரிகள் நான்கு நாள் சண்டை போட்டார்கள். ஐந்தாம் நாள், பார்வையாளர்களுக்கு விடுமுறையான திங்கட்கிழமையன்று, தங்கள் சண்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது ஒரு பீரோ உயரம் இருந்தது. இரண்டு பேரால் முடியாமல் வாசல் காவலரையும் சரக்குத் தள்ளுகிறவரையும் கூப்பிட வேண்டியிருந்தது. மேசை தாங்காது என்று தரையிலேயே நிறுத்தினார்கள். மூத்தவள் டோக்கன் கட்டினாள்: நானூற்றுப் பன்னிரண்டு. கையை எடுத்ததும் இருவருக்கும் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது, அவ்வளவு அமைதி.

முதல் மாதம் இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். நடுவிலிருந்த திரையைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்தார்கள். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்" என்று பதில் வந்தது. பேருந்தில் ஒருத்தி ஜன்னல் ஓரத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தாள். இரண்டாம் மாதம் மரியாதை அதிகமாகிக்கொண்டே போனது. "கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களா?" என்று ஒரு நாள் இளையவள் கேட்டாள், மூத்தவள் தள்ளி உட்கார்ந்தாள், இருவருக்குமே அதில் எதுவும் விசித்திரமாகப் படவில்லை. தண்ணீர் பிடிப்பதற்கு முறை இல்லாமல் போய், இருவரும் பிடிக்காமல் குடம் காலியாகக் கிடந்த நாளில், "பரவாயில்லீங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு தாகத்தோடு வேலைக்குப் போனார்கள்.

நான்காம் மாதம் ஒரு காலையில் மூத்தவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். அம்மா எந்தப் பக்கம் வகிடு எடுப்பாள் என்று ஒரு யோசனை வந்தது. தெரியவில்லை. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். தங்கையிடம் கேட்டாள். இளையவள் கண்ணியமாக யோசித்துப் பார்த்து, "ஞாபகம் இல்லீங்களே," என்றாள். இருவரும் போய்ச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் இருந்தாள், தலைப் பக்கம் மங்கியிருந்தது. சட்டம் வாங்கும்போது கடைக்காரர்கள் உள்ளே வைத்துக் கொடுப்பார்களே யாரோ ஒருவரின் படம், அப்படி இருந்தது. அவளுக்கு என்ன பிடிக்கும், எப்படிக் கூப்பிடுவாள், எப்போது போனாள், ஒன்றும் வரவில்லை. இருபது வருடமாக அந்த வீட்டில் அம்மாவைப் பற்றிய பேச்சு சண்டைக்குள் மட்டும்தான் நடந்தது. ஆரஞ்சும் பச்சைத் துண்டும் ஜன்னலும் அதற்குள்தான் இருந்தன. சண்டையைத் தூக்கிக் கொடுத்தபோது அம்மாவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். மூத்தவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. பயம் மட்டும் வந்தது. தங்கையைப் பார்த்தாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

அன்றே போய் நிலவறையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு சண்டைகூட இல்லை. தொண்ணூறு நாள் தாண்டிய எல்லாவற்றையும் கறுப்புச் சட்டை அருங்காட்சியகத்தின் சொத்தாகப் பதிந்து மேலே கொண்டுபோய்விட்டார். மூன்றாம் தளத்தில் 'உரிமை கோரப்படாதவை' என்ற கண்காட்சி ஒரு வாரமாக நடந்துகொண்டிருந்தது. தினமும் அதற்கு இளையவள்தான் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள், என்ன கண்காட்சி என்று பார்த்ததில்லை. வாசலில் கறுப்புச் சட்டையைப் பிடித்து மூத்தவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த ஆள் எப்போதும் பொறுமையாகத்தான் கேட்பார், அதுதான் எரிச்சல்.

"டோக்கன் இருக்கா?" என்றார்.

"சார், நான்தான் டோக்கன் குடுக்கறவ."

"அப்போ விதி உங்களுக்கே தெரியும்," என்றார். பிறகு நல்ல செய்தி சொல்வதுபோல, கண்காட்சி முழுவதும் வரும் திங்கட்கிழமை கப்பலேறுகிறது, மூன்று வருடத்துக்கு ஏழு நாடுகள் சுற்றப்போகிறது, அதில் அவர்களுடையதுதான் மையப் படைப்பு என்றும் சொன்னார். வீட்டில் டோக்கனைத் தேடினார்கள். பீரோ, தலையணை உறை, மாவு டப்பா எல்லாம் பார்த்தாயிற்று. கிடைக்கவில்லை. ஒருவரையொருவர் குறை சொல்லாமல் மிகவும் பண்பாகத் தேடியதால் தேடலிலும் வேகம் இல்லை.

சனிக்கிழமை இருவரும் லீவு போட்டு, மாற்று ஆளிடம் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பையை மூத்தவள் தன் மேசையிலேயே கொடுக்க வேண்டியிருந்தது. அன்று அவள் இடத்தில் நின்றவள் இவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. முதல் அரங்கில் பதினொரு மின்விசிறிகள் தரையில் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பார்க்க வந்தவர்கள் முடி பறக்க நின்றுகொண்டு தீவிரமாக யோசித்தார்கள். இரண்டாவதில் ஈரத் துணிகள் வரிசையாகத் தொங்கின. காய்ந்துவிடாமல் ஒரு பணியாளர் தெளிப்பானால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். நம் வீட்டில் துணி காயாவிட்டால் திட்டு, இங்கே காய்ந்தால் வேலை போகும் என்று மூத்தவள் நினைத்தாள். தினமும் அவர்களோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடும் காவலர் ஒருவர், "கோட்டுக்குப் பின்னால நில்லுங்க மேடம்," என்றார். அவருக்கு அவர்களை அடையாளம் தெரிந்தது என்பது அவர் காதிலிருந்து தெரிந்தது, சிவந்திருந்தது. சுவர்கள் ஆஸ்பத்திரியைவிட வெள்ளையாக இருந்தன, உட்கார ஒரு இடம் இல்லை. இருமினால் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வந்தவர்களை எப்போது வெளியே போவீர்கள் என்று கேட்கிற மாதிரிக் கட்டிய கட்டடம் அது.

மூன்றாம் தளத்தில் வெள்ளைப் பீடங்கள்மேல் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சண்டைகள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஹெட்போன் தொங்கியது. மாட்டிக்கொண்டால் உள்ளே நடப்பது கேட்கும். அறுபத்து மூன்று அங்கே இருந்தது, சூடு ஆறிச் சற்றுச் சுருங்கியிருந்தது. மூத்தவள் துணி சுற்றிவைத்த மாமியார் மருமகள் சண்டைகளைத் துணியை உருவிவிட்டு வைத்திருந்தார்கள். நடுவில், ஒரு ஆள் உயரத்துக்கு மேலான கண்ணாடிக்குள், அவர்களுடையது நின்றது. கீழே அட்டையில் 'தலைப்பிடப்படாதது. இரு பெண்கள், இருபது ஆண்டுகள்' என்று போட்டிருந்தது. சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். தொங்கும் காதணி போட்ட ஒரு பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கழற்றிவிட்டுத் தோழியிடம், "எவ்ளோ அழகா இருக்கு, கேட்டுப் பாரேன்," என்றாள். அவர்கள் அம்மா செத்ததைத்தான் சொன்னாள்.

மூத்தவள் அந்த ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தாள். அவளுடைய குரலே கேட்டது. ஜன்னல், துண்டு, மூன்று பத்து என்று ஏதேதோ கத்திக்கொண்டிருந்தது. வார்த்தை எல்லாம் புரிந்தது, யாரைப் பற்றி என்று தெரியவில்லை. பேருந்தில் பின் இருக்கையில் யாரோ தங்கள் குடும்ப விஷயத்தைப் பேசுவதுபோல இருந்தது. கோபம் வருமா என்று காத்திருந்தாள். கோபம் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. ஹெட்போனைத் தங்கையிடம் நீட்டினாள். இளையவளும் கேட்டாள், அவளும் உதட்டைப் பிதுக்கினாள். கறுப்புச் சட்டை தூரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டோக்கனை உங்ககிட்ட குடுத்ததா எனக்கு ஞாபகம்," என்றாள் மூத்தவள், மெதுவாக.

"இல்லீங்க. மேசைமேல வச்சீங்க."

"உங்க கையிலதான் குடுத்தேன்."

"நான் எதுக்குங்க வாங்கப்போறேன்? பூட்டு, சாவி, டோக்கன் எல்லாம் எடுத்து வைக்கறது அந்த வாரம் உங்க முறைதானே," என்றாள் இளையவள், மரியாதை குறையாமல்.

அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் மூத்தவளுக்கு உள்ளங்கை சுட்டது. நான்கு மாதமாக அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"யார் முறை?" என்றாள். "யார் முறைடி?"

"டி போட்டுப் பேசாத. உன் முறைதான்!"

"என் முறையா? அதுக்கு முந்தின வாரம் பூரா நான் பூட்டினேன், அதுக்கு முன்ன வாரமும் நான் பூட்டினேன். எல்லா வேலையையும் என் தலையில கட்டிட்டு நீ கூண்டுக்குள்ள ராணி மாதிரி உக்காந்துக்கிட்டு, முறை பேச வந்துட்டியா?"

"ஆமா, பேசுவேன். உனக்கு எப்பதான் முறை ஞாபகம் இருந்திருக்கு? ஒரு நாளாவது உன் முறைன்னு ஒத்துக்கிட்டிருக்கியா?"

சுற்றி இருந்தவர்கள், அந்த இடத்தின் வழக்கப்படி, இரண்டு அடி பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். காவலர் எங்கிருந்தோ ஒரு கயிறு கொண்டுவந்து சகோதரிகளைச் சுற்றிக் கட்டினார். அவர்கள் கவனிக்கவில்லை. டோக்கனிலிருந்து குடத்துக்குப் போனார்கள், குடத்திலிருந்து திரைக்கு, திரையிலிருந்து ஜன்னல் ஓரத்துக்கு. கண்ணாடிக்குள் இருந்தது எந்த நேரத்தில் வெளியே வந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை. பெட்டி உடையவில்லை, பூட்டு அப்படியே இருந்தது. மூத்தவளுக்குத் தன் இடது தோளில் பழைய கனம் வந்து உட்கார்ந்தது மட்டும் தெரிந்தது, அதோடு அம்மாவும் வந்தாள். நடு வகிடு. அரைத் தூக்கத்திலும் தலையணைக்கடியில் மூக்குக்கண்ணாடியைத் தேடும் கை. ஆரஞ்சுத் தோலை மடித்து ஜன்னல் திட்டில் வைக்கும் பழக்கம். கண்ணு என்று கூப்பிடும்போது கடைசியில் கொஞ்சம் இழுக்கிற இழுப்பு. மூத்தவள் கத்திக்கொண்டே அழுதாள். இளையவளும் அழுதாள், ஆனால் இருவரும் வாயை மூடவில்லை.

"எங்க அம்மா கண்ணுன்னு கூப்பிட்டது என்னைத்தான்!" என்று இளையவள் அந்த அரங்கமே அதிரக் கத்தினாள்.

"உங்க அம்மாவா? எனக்கு யாருடி அவ?"

கறுப்புச் சட்டை வந்து பார்த்தபோது பெட்டி காலியாக இருந்தது. காவலரைக் கேட்டார், காவலர் தாம் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஹெட்போனை மாட்டிப் பார்த்தார், காற்றுச் சத்தம் வந்தது. யோசித்துவிட்டு அட்டையை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தார். காலிப் பெட்டி திங்கட்கிழமை கப்பலேறி ஏழு நாடுகளுக்கும் போனது. முன்பைவிட இப்போது இன்னும் ஆழமாக இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. சகோதரிகள்மேல் நடவடிக்கை எடுக்க ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கண்காட்சிப் பொருளைத் திருடியதாகச் சொல்ல வேண்டுமானால் அது என்ன பொருள் என்று எழுத வேண்டியிருந்தது, அதனால் விட்டுவிட்டார்கள். வேலையிலிருந்து ஒருத்தியை நீக்கும் சுற்றறிக்கையும் அப்படியே கிடந்தது. எந்த ஒருத்தி என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை பேருந்தில் கூட்டம் இல்லை. இருவரும் தொண்டை கட்டிப்போய் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் ஓரத்தை மூத்தவள் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று நிறுத்தம் தாண்டியதும் இளையவள், கோபமே இல்லாத குரலில், இருபது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்:

"அக்கா, நிஜமா சொல்லு. அன்னிக்கு யார் முறை?"

மூத்தவளுக்குத் தெரியும். சண்டை திரும்பி வந்தபோது எல்லாம்தான் வந்தது. அவள் இத்தனை வருடம் அடியில் போட்டு மேலே உட்கார்ந்திருந்ததும் சேர்ந்தே வந்தது. அந்த வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு செருப்புக் கடையில் நின்றாள். பழுப்பில் ஒரு ஜோடி, கறுப்பில் ஒரு ஜோடி. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணாடி முன்னால் நடந்து பார்த்து, கடைசியில் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தபோது மணி மூன்றே கால் ஆகியிருந்தது. என் முறைதான் என்று இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் தங்கை கொஞ்ச நேரம் அழுவாள், பிறகு மன்னித்துவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள்தான். மன்னித்துவிட்டால் சண்டை முடிந்துவிடும். முடிந்தால் இருவரும் வீட்டுக்குப் போய், சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டு, சுவரில் யாரோ ஒரு அம்மாளின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்குத் தங்கைமேல் அப்போது வந்த பாசத்துக்கு அளவே இல்லை.

"உன் முறைதான்," என்றாள். "இதுல கேள்வி வேறயா உனக்கு?"

இளையவள் அவளையே பார்த்தாள். அவள் முகத்தில் பெரிய நிம்மதி ஒன்று வந்து, உடனே காணாமல் போனது.

"பொய்! பச்சைப் பொய்!" என்று கட்டிய தொண்டையிலேயே கத்தினாள். "காலையில அம்மா ஆரஞ்சு கேட்டப்பவே நான் என்ன சொன்னேன்?"

"ஆரஞ்சு இல்லடி, திராட்சை."

"ஆரஞ்சுதான். நான்தான் உரிச்சேன்."

"நீ உரிச்சே! தோலைக்கூட உரிக்கத் தெரியாது உனக்கு. அம்மாவே பிடுங்கி உரிச்சா."

"அப்போ ஆரஞ்சுதானே?"

முன்னாலிருந்த கண்டக்டர் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்கம்மா என்றார். இரண்டு பேரும் சேர்ந்து, உங்க வேலையைப் பாருங்க என்றார்கள். வீடு வந்து இறங்கி, மாடி ஏறி, கதவைத் திறப்பது யார் முறை என்று வாசலில் கால் மணி நேரம் நின்ற பிறகும், ஆரஞ்சா திராட்சையா என்பது முடிவாகவில்லை.